எட்டரை மணி மருமகள்

சொர்ணலட்சுமி அக்காவோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. படம் அது பாட்டுக்கு ஓடும், இவள் வாய் அது பாட்டுக்கு ஓடும். பொறுக்க முடியாமல் பாதியில் எழுந்து போவது நாமாகத்தான் இருக்கும். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். என் வீட்டு டிவியை அணைத்து வைத்தாலும் எந்த நாடகத்தில் யார் யாரை அறைந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விவசாயத்தைக் காப்பாற்ற வரும் கதாநாயகர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. நாளெல்லாம் கத்திரித் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருகிறவள் அல்லவா? திண்டுக்கல் தியேட்டரில் ஒருமுறை, கதாநாயகன் வெள்ளை வேட்டியில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஆடிப் பாடிக்கொண்டிருந்தான். "ஏலே, பழமெல்லாம் அழுகப் போகுது. ஆடி முடிச்சு நீ எப்பப் பறிச்சு, எப்ப மார்க்கெட்டுக்குக் கொண்டு போவ?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் ஆண்டிச்சாமி மச்சான், பக்கத்தில் இருப்பது யாரோ எவரோ என்பது போல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

அருவாள் படங்கள் என்றால் அதைவிட மோசம். "நம்ம பக்கத்துக் கதைன்னாலே அருவாளத் தூக்கிருவாய்ங்க. எங்க வீட்டு அருவா எங்க கெடக்குன்னே தெரியல. நேத்து தேங்கா வெட்ட எதுத்த வீட்டு புவனாகிட்ட இரவல் வாங்குனேன்" என்பாள். பேய்ப் படங்களில் பேய்க்கு மட்டும் பன்னிரண்டு அறை பங்களா கொடுப்பதும் அவளுக்குப் பிடிக்காது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் முகேஷ்குமார் ஊருக்கு வந்தபோது, உலகமே கொண்டாடுகிறது என்று சொல்லி ஒரு தொடரைப் போனில் போட்டுக் காட்டினான். பத்து நிமிஷம் பார்த்தாள். "எல்லாரும் இருட்டுக்குள்ளயே நின்னு குசுகுசுன்னு பேசுறாய்ங்க. அந்த ஊருல கரண்டு இல்லையா அப்பு?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். தமிழில் பேசவைத்த கொரியா நாடகங்கள் மட்டும் தப்பித்தன. "அவுங்களாவது உக்காந்து வயிறாரச் சாப்புடுறாங்க. நம்ம நாடகத்துல சாப்பாட்டுத் தட்டு வந்தாலே சண்ட வந்துருது."

இவ்வளவு குறை சொல்கிறவள் டிவியை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதானே? மாட்டாள். எட்டரை மணி நாடகத்தை நான்கு வருஷமாக ஒரு நாள் விடாமல் பார்த்து, ஒரு நாள் விடாமல் திட்டினாள். ஒரு பணக்கார வீட்டு மருமகளை மாமியார் படுத்துகிற கதை. மருமகள் பட்டுச்சேலையிலேயே தூங்குகிறாள் என்று திட்டுவாள். ஒரே அறையை மூன்று பக்கமிருந்து மூன்று தடவை காட்டுகிறான் என்று திட்டுவாள். எல்லாரையும்விட அதிகமாகத் திட்டு வாங்கியது அந்த மருமகளைப் பெற்ற தாய். "இவெல்லாம் பெத்தவளா? ஒரு எட்டு போயிப் பாத்தா என்ன, கால் தேஞ்சா போயிரும்?"

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அக்காவின் ஒரே மகள் யுவராணியைக் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை மதன்குமார் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவன்; வீட்டில் இருப்பதே அபூர்வம். அந்தப் பெண் தலைதீபாவளிக்கு வந்ததோடு சரி. பொங்கலுக்கும் அனுப்பவில்லை, பங்குனித் திருவிழாவுக்கும் அனுப்பவில்லை. மாமியாருக்குக் கால்வலி, வீட்டில் ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள்.

"நீ எப்பக்கா போயிப் பாத்த?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கூப்புடாம சம்பந்தி வீட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்றியா? அதான் தெனமும் போன்ல பேசுறேன்ல" என்றாள்.

தினமும் பேசினாள், உண்மைதான். ஒன்பது மணிக்கு நாடகம் முடிந்ததும் யுவராணி கூப்பிடுவாள். போன் மாமியார் கையில்தான் இருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் மருமகளிடம் வரும். அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். "எங்க ஊட்டுல ஒளிச்சுப் பேசற பழக்கமில்லைங்க" என்று சம்பந்தியம்மா கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். என்ன ஒரு வெளிப்படையான குடும்பம் என்று அக்கா பூரித்துப் போனாள். போன் பேசுகிற நேரத்தில் நானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். யுவராணி நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் குரலைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா. நாடகம் பாத்தியா? பாவம்மா அந்தப் புள்ள. ரெண்டு நாளா காச்சலோட அம்புட்டுப் பாத்திரத்தையும் கழுவுது. ஒரு மாத்திர வாங்கிக் குடுக்க ஆளில்ல."

"காச்சலா? நேத்துக்கூட மஞ்சப் பட்டு கட்டிக் கோயில்ல வெளக்கு ஏத்துனாளே. நீ எந்த நாடகத்தப் பாக்குற?"

"அதேதாம்மா."

"கண்ண எங்க வச்சுக்கிட்டுப் பாக்குற? அப்படி ஒரு சீனே வரலடி."

சில நாள் கழித்து, அந்த மருமகளுக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடிச்சோறுதான் என்றாள். தலைவாரக்கூட நேரமில்லையாம் என்றாள். அக்கா ஒவ்வொன்றையும் திருத்தினாள். வாத்தியார் பரீட்சைப் பேப்பரைச் சுழிப்பது மாதிரி, மகள் சொன்ன ஒவ்வொரு வரியையும் தப்பு தப்பு என்று அடித்தாள். "நாடகத்தக்கூட ஒழுங்காப் பாக்கத் தெரியாத புள்ளைய நான் பெத்து வச்சிருக்கேன்" என்று என்னிடம் வேறு குறைப்பட்டுக்கொண்டாள். போனில் பின்னாலிருந்து சம்பந்தியம்மா சிரிப்பது கேட்கும். "அம்மாளுக்கும் மகளுக்கும் வேற பேச்சே இல்லீங்களா?" அந்த அம்மாள் நாடகம் பார்க்கிறவர் அல்ல. பார்த்திருந்தாலும், எந்த மாமியாருக்கு நாடகத்தில் தன் முகம் தெரியும்?

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு நாடகத்தில் அரைமணி நேரமும் ஒரு மோதிரத்தைத் தேடினார்கள். அக்கா கொதித்துப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து யுவராணி, "அவ என்னதாம்மா செய்யணும்? நீ சொல்லு" என்று கேட்டாள்.

"அவளா? அவ எங்கயும் போக மாட்டா. போயிட்டா கத முடிஞ்சிரும்ல. இன்னும் ரெண்டு வருசத்துக்கு இழுப்பாய்ங்க. கெடந்து அழுகட்டும்."

யுவராணி "சரிம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த 'சரிம்மா' எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன். "நாடகத்துக்குப் போயி எதுக்கு இம்புட்டு வருத்தம்? அவ அப்படித்தான், எளகின மனசு" என்றாள்.

மறுநாள் எட்டரைக்கு நாடகமே வரவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ விருது விழாவைப் போட்டு, பத்து மணி வரை ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்க வைத்தான் சேனல்காரன். மோதிரம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாத ஆத்திரத்தில் அக்கா அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"சாப்டேம்மா" என்றாள் யுவராணி, கேட்பதற்கு முன்பே. குரல் கம்மியிருந்தது. "இன்னைக்கு அவள வீட்டுக்கு வெளிய நிறுத்திட்டாங்கம்மா. பால் பொங்கிருச்சுன்னு. சாயங்காலத்துலருந்து வாசல்லயே நின்னா. இப்பத்தான் உள்ள விட்டாங்க."

அக்கா திருத்துவதற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. டிவியைப் பார்த்தாள். அதில் ஒரு நடிகை மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். இல்லாத நாடகத்தில் நடந்ததை மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

கத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்படிக் கத்தியிருந்தால் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் போனைப் பிடுங்கியிருப்பார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் நாடகம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"ஆமாடி. நானும் பாத்தேன். நாளைக்கு அவளோட அம்மா வாரா. மொத பஸ்ஸுக்கே கெளம்பிருவாளாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்படியா காட்டுனாங்க?"

"காட்டுனாய்ங்க. துணிமணிய மட்டும் எடுத்து வச்சுக்கிட்டாப் போதும்னு சொல்லிட்டாய்ங்க."

போனை வைத்ததும்தான் உடைந்தாள். தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டிச்சாமி மச்சான், "பெரியவங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டு மொறையாப் போவோம்" என்றார். "நீங்க மொறையா நாளைக்கழிச்சு வாங்க. நான் காலைல போறேன்" என்றாள்.

நானும் அவளோடு போனேன். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, ஒட்டன்சத்திரத்தில் இறங்கி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தியம்மா வாசலில் நின்றார்.

"வாங்க சம்பந்தி. ஏனுங்க, ஒரு போன்கூடப் பண்ணாம?"

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. கூட்டிட்டுப் போறேன்."

"நல்லாத்தானுங்களே இருக்கா?"

"நல்லா இல்ல."

அவ்வளவுதான் பேசினாள். உள்ளே இருந்து யுவராணி பையோடு வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பார்க்கச் சகிக்கவில்லை. கையைப் பிடித்தேன், அனலாகக் கொதித்தது. சம்பந்தியம்மா பின்னாலிருந்து, மகன் வந்ததும் கேட்பான், ஊர் கேட்கும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் யுவராணியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டோம். நான் வாங்கிவந்த இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டாள். பஸ் கிளம்பியதும் அக்காவுக்கு வாய் திரும்பிவிட்டது. சம்பந்தியைத் திட்டினாள். லாரியே கதி என்று கிடக்கும் மாப்பிள்ளையைத் திட்டினாள். அந்த வரனைக் கொண்டுவந்த தரகரைத் திட்டினாள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இம்புட்டு நடந்திருக்கு. பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா?"

யுவராணி இட்லிப் பொட்டலத்தை மடித்தாள்.

"அந்த வீட்டுல டிவி மாமனார் ரூமுக்குள்ள இருக்கும்மா. கல்யாணமாகிப் போனதுலருந்து நான் ஒரு நாள்கூட நாடகம் பாத்ததில்ல. தெனமும் ஒங்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் அப்படி ஒரு சீனே வரலன்னு சொன்ன."