ஸ்டாப்புக்கு ஒரு மிஸ்டு கால்

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில், என் சிநேகிதியின் அம்மா வீட்டில் இருந்தேன். சிநேகிதியை மலர் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேண்டாம். இருவரும் சந்தைக்குக் கிளம்பினோம். நடக்கிற தூரம்தான்.

தெருமுனை தாண்டியதும் மலர் செல்போனை எடுத்தாள். ஒரு ரிங்... கட். சந்தை வாசலில் மறுபடி. கத்தரிக்காய் வாங்கித் திரும்பும்போது இன்னொன்று.

வீட்டுக்கு வந்தால் அம்மா கரண்டியோடு நிற்கிறார். "ஏன்டி, இந்தா இருக்கிற சந்தைக்கு எம்புட்டு மிஸ்டு காலு? நான் கொழம்பப் பாக்கவா, ஒம் போனப் பாக்கவா?"

"பழகிப் போச்சும்மா" என்றாள் மலர்.

வேறு வீடாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

போன வருஷம் இந்தப் பேப்பரில் இதே பத்தியில் எழுதினேனே, நினைவிருக்கிறதா? ஆனையூரிலிருந்து சிம்மக்கல்லுக்கு வேலைக்குப் போகிற மனைவி. பஸ் ஏறியதும் ஒன்று, செல்லூரில் ஒன்று, ஆபீஸ் வாசலில் ஒன்று என்று கணவருக்கு மிஸ்டு கால் கொடுத்தாக வேண்டும். 'இதுவல்லவோ அன்பு' என்று உருகியிருந்தேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அந்த மனைவிதான் மலர்.

அவள் வீட்டுக்காரர் அந்தப் பத்தியை வெட்டி, லேமினேட் செய்து, டிவிக்கு மேலே மாட்டினார். "தங்கச்சி, ஊரே என்னையப் பத்திப் பேசுது" என்றார். எனக்கு ஒரே பெருமை. மலரும் சிரித்தாள் — சிரிப்பதற்கு முன் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. கவனித்தேன். ஆனால் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவளோடு நானும் அதே பஸ்ஸில். செல்லூர் வருவதற்குள் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. என் போனை நீட்டினேன்.

"வேணாம்டி. யாரு நம்பருன்னு கேப்பாரு."

அணைந்த போனையே திரும்பத் திரும்ப அமுக்கினாள். பட்டப்பகல், பஸ் நிறைய ஜனம்... எதற்கு இந்தப் பயம்?

"அடிப்பாராடி?"

"சேச்சே. கை நீட்டுனதே இல்ல. பேச மாட்டாரு. நாலு நாளைக்கு நான் வச்ச சோத்தத் தொட மாட்டாரு. கடைசில நான்தான் மன்னிப்புக் கேப்பேன். எதுக்குன்னே தெரியாது. அடிச்சிருந்தா எங்கம்மாட்ட தழும்பக் காட்டலாம். இத எப்புடிக் காட்டுறது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா? வாயத் தெறந்தா செவுத்தக் காட்டுவாரு. 'பேப்பர்லயே போட்டிருக்கு, ஒனக்கு மட்டும் நான் கெட்டவனா?'ம்பாரு. எழுதுனதே நீதானடி."



அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட "கேட்டுட்டுச் சொல்றேன்" என்பாள். கல்லூரித் தோழிகள் ஒவ்வொருவராக உதிர்ந்துபோனார்கள். புடவை நிறம் முதல் சாம்பார் உப்பு வரை எதற்கும் "எம்மேலதான் தப்பு". எல்லாம் என் கண்ணெதிரேதான் இருந்தது. நான்தான் அதற்கு அன்பு என்று பெயர் வைத்துவிட்டேன்.

அக்கறையா, காவலா — எப்படித் தெரிந்துகொள்வது? மிஸ்டு கால் வருகிற நாளில் தெரியாது. வராத நாளில் தெரியும். "பத்திரமா இருக்கியா?" என்று கேட்டால் அது ஒன்று. "யார் கூட இருந்த?" என்று கேட்டால் அது முற்றிலும் வேறு.

மூன்று மாதமாக மலர் அம்மா வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் இரண்டு முறை பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசிவிட்டார். இரண்டு முறையும் அந்த லேமினேஷன் கையில். சுற்றிக் கொடுத்து எல்லோரும் படித்தார்களாம். "இம்புட்டு நல்ல மாப்ளைய விட்டுட்டா வந்து உக்காந்திருக்க?" என்று மலரைத்தான் கேட்டார்களாம். அம்மாவுக்கே இப்போது அரை மனது. அடுத்த முறை அனுப்பிவிடுவார்களோ என்று மலருக்குத் தூக்கம் இல்லை.

"நீதான எழுதுன. நீயே மாத்தி எழுது" என்றாள். எழுதிவிட்டேன். போன வருஷம் எழுதியது தப்பு. முழுத் தப்பு.

வருகிற ஞாயிறு வீட்டுக்காரர் மறுபடி வருகிறாராம்.

அண்ணே, வரும்போது இதையும் லேமினேட் பண்ணி எடுத்துட்டு வாங்க.