சொன்ன இடத்தில் நிற்காத சுட்டி

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் வெளியூர்க்காரர்கள் அருவிக்கு வருகிறார்கள். இலஞ்சிவாசிகளாகிய நாங்கள் பொருள்களைப் பீரோவுக்குள் வைக்கத் தொடங்குகிறோம். உப்பு, தீப்பெட்டி, அப்பளம், பத்திரம், பட்டு என ஈரம் ஆகாதவை அனைத்தும் இரும்புக் கதவுக்குப் பின்னால் அடைக்கலம் புகும். முந்தைய கணினி ஓர் ஆடிச் சாரலில் பூஞ்சை பிடித்து மாண்டுபோனதால், புதிய கணினியின் பெட்டியையும் நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தேன். பட்டறைக்காரரைக் கொண்டு பீரோவின் முதுகில் துளையிட்டுத் திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய வயர்களை வெளியே இழுத்தேன். சுட்டியின் வயர் மட்டும் மேசையை எட்டவில்லை. எனவே வயரில்லாச் சுட்டி ஒன்று வாங்கி, அதன் நகமளவு ரிசீவரை உள்ளேயிருந்த பெட்டியில் செருகிக் கதவை இறுகச் சாத்தினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். புடவைத் தட்டு ஒன்றை இழந்த என் மனைவி மட்டும் பாராட்டவில்லை. அதன்பின் கணினியை இயக்கும் தேவையே எனக்கு ஏற்படவில்லை. அத்தனை பத்திரமாக இருந்தது.

அந்த வாரமே என் அக்காள் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு வந்தது. கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி உறுதி செய்ய, குறித்த நாளில் மாலை ஐந்து மணி வரைதான் அவகாசம். அதற்குப் பின் வரிசை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே பூட்டிக்கொள்ளும். சென்னைக் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியல் முதலில் நிற்க வேண்டும் என்பது அவள் விருப்பம். பக்கத்திலேயே கடையம் சாலையில், பேருந்துச் சன்னலிலிருந்தே முழுவதும் தெரிகிற கல்லூரிதான் முதலில் நிற்க வேண்டும் என்பது அவள் தந்தையாகிய என் அத்தானின் விருப்பம். பல நாள் சச்சரவுக்குப் பின் அவர் இறங்கி வந்திருந்தார். ஆனால் காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆதலால், உறுதி செய்வதற்கான எண் வந்துசேரும் கைப்பேசியைத் தம் சட்டைப் பையில் காவலில் வைத்திருந்தார்.

தன் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்று அவள் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

"போன்ல வெரலு பட்டு எங்கனயாவது அமுங்கிரும். மாமா வீட்டுப் பெரிய கம்ப்யூட்டர்லதான் பண்ணணும்."

ஆகவே மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் வந்தார்கள். அவள் மேசை முன் அமர்ந்து சுட்டியைப் பிடித்தாள். கை நகர்ந்தது; திரையில் அம்புக்குறி நகரவில்லை. கை ஓய்ந்த பின், மேலிடத்து அனுமதி அப்போதுதான் கிடைத்ததுபோல் ஒரே தாவலாகத் தாவியது. சென்னைக் கல்லூரியின் வரியைப் பிடித்து மேலே இழுத்தாள். அது நடுவழியில் விழுந்தது. மீண்டும் பிடிக்கப் போகையில் கடையம் சாலைக் கல்லூரி கையில் சிக்கி, முதலிடத்தில் போய் அமர்ந்தது.

அத்தானின் முகம் மலர்ந்தது. "பாத்தியளா மாப்ள? நா ஒரு வார்த்த சொல்லல. மவுஸே சொல்லுது."

"அப்பா, அதுக்கு ஒண்ணும் சாமி வரல. ரிப்பேரு."

ரிப்பேர் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியை அழைத்தேன். இராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் பணியாற்றியவர் என்பதே அவரை அழைத்ததற்குக் காரணம். சாரலில் நனைந்தபடி வந்தவர் சுட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, எடை பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கினார்.

"சிக்னல்ல கோளாறே இல்ல. எல்லைல இத விட மோசமான மழைல பேசியிருக்கேன். இதுக்குச் சத்து இல்ல, பேட்டரிய மாத்தும்."

வீட்டில் இருந்த ஒரே நல்ல பேட்டரி சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. கழற்றி மாட்டினோம். சுட்டி முன்போலவே சிந்தித்துச் சிந்தித்துத் தாவியது. மேசைவிரிப்பே குற்றவாளி என்றார் அத்தான், விரிப்பை உருவினோம். வெறும் மரம் வழுக்குகிறது என்றார் அண்ணாச்சி; காலண்டர் அட்டையை வைத்தோம். அட்டையில் இருந்த முருகன் மீது சுட்டி ஏறுவது தகாது என்று நான் ஆட்சேபித்தேன். அட்டையைத் திருப்பிப் போட்டோம். விசாரணையில் அனுபவமுள்ள அத்தான் சுட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"பதறாதட்டி, நேரங் கெடக்கு," என்று அவர் சுவரைக் காட்டினார். நாங்கள் மூவரும் கடிகாரத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்தோம்.

"அதோட பேட்டரிய நீங்கதான புடுங்குனிய? மணி நாலரை ஆச்சுப்பா!" அவள் தன் கைப்பேசியை நீட்டிக் காட்டினாள். "இது இப்பிடியே பூட்டிட்டுன்னா நா என்ன பண்ணுவேன்?"

அத்தான் சன்னல் வழியே மழையைப் பார்த்தார். வரிசை இப்படியே பூட்டிக்கொள்வதில் அவருக்குப் பெரிய மறுப்பு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, தலை சொட்ட நின்ற அண்ணாச்சியைக் கண்டு, துண்டு எடுப்பதற்காகப் பீரோவைத் திறந்தாள். திரையில் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. கதவைச் சாத்தினாள், நின்றது.

"அத்தே! இன்னொரு தடவ தொறங்க!"

திறந்தாள், ஓடியது.

"நா அப்பமே சொன்னேம்லா," என்றார் அண்ணாச்சி, துண்டால் தலையைத் துவட்டியபடி. "இரும்புக்குள்ள அடச்சா சிக்னலு எப்பிடி வெளிய வரும்?"

"எப்ப சொன்னிய, அண்ணாச்சி?" என்றாள் என் மனைவி.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ தொறந்துட்ட."

அந்தக் கதவு தானாகத் திறந்து நிற்காது. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே சன்னல். சாரல் நேராகப் பட்டுப் புடவைகளின் மீது விழுந்தது. சாத்திவிட்டு வேறு வழி பார்க்கலாமா என்று நான் தொடங்கினேன்.

"நனஞ்சா காயப்போடுதேன். நீ ஒழுங்கா இழுட்டி," என்று என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

சென்னைக் கல்லூரி ஒரே இழுப்பில் மேலே ஏறி முதலிடத்தில் அமர்ந்தது. கடையம் சாலைக் கல்லூரி அடுத்த இடத்துக்கு இறங்கியது.

"நவுரு, நா ஒரு தடவ பாக்கேன்," என்று அத்தான் நாற்காலியில் அமர்ந்தார். அம்புக்குறி அவர் கைக்கும் உடனே பணிந்தது. கடையம் சாலைக் கல்லூரியின் வரியைப் பிடித்தார். அது எழுந்து சென்னையின் தலைக்கு மேல் போய் நின்றது. விரலை எடுத்தால் அங்கேயே தங்கிவிடும். அதுவரை சுட்டியைக் கைகாட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது கைகாட்ட ஒன்றும் இல்லை. அவள் தந்தையைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் எழாமலே வரி மெல்லக் கீழே இறங்கிப் பழைய இடத்தைச் சேர்ந்தது.

"நல்லாத்தான் வேல செய்யுது," என்றார், பொதுவாக.

எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டார். உறுதி செய்யும் பொத்தானை அவள் அழுத்தியதும் அவருடைய சட்டைப் பைக்குள் கைப்பேசி சிணுங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைத் தூரப் பிடித்து, வந்திருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். அவர் அடுத்த இலக்கத்தைச் சொல்லும் வரை அவள் விரல் விசைப்பலகைக்கு மேல் காத்திருந்தது.