வழிகாட்டியின் காலில் சொக்ஸ்

கொட்டகலையிலிருந்து பிள்ளைகளோடு பொலன்னறுவை இடிபாடுகளைப் பார்க்கப் போனோம். "செருப்பை வேன்லயே விட்டுடுங்க" என்றார் கூட்டிப்போன வழிகாட்டி. கோயிலுக்குப் போகும் பழக்கத்தில் யோசிக்காமல் கழற்றிவிட்டோம். வேனும் போய்விட்டது.

உச்சி வெயில். எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கல் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். இங்கே பழைய புத்த விகாரையின் கல் முற்றத்தில் கால் வைத்ததும் என் நாலு வயது மகள் அலறினாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். மூத்தவன் அழுதுகொண்டே நடந்தான்.

"சாமி இடம், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றுவிட்டு அந்த மனுஷன் ராஜா கதையைத் தொடர்ந்தார். கீழே பார்த்தேன். அவர் காலில் தடித்த சொக்ஸ்.

"அப்ப உங்களுக்குச் சாமி இல்லீங்களா?" என்றேன். அவர் அடுத்த தூணைக் காட்டப் போய்விட்டார்.

எங்கள் காலில் வந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. இப்போதெல்லாம் பையில் சொக்ஸ் இல்லாமல் கிளம்புவதில்லை. எந்த வழிகாட்டி வந்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன்.