சில்லறை கேட்ட நடத்துநர்

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் செல்லும் பேருந்தில் நரைமீசை நடத்துநர் ஒருவர் உண்டு. பயணியின் முகத்தைப் பார்க்குமுன்பே “சில்லறை, சில்லறை” என்று கைநீட்டுவது அவர் வழக்கம்.

மனைவிக்கு மிக்சி வாங்க ஊறுகாய் ஜாடியில் நான் சேர்த்த நாணயங்களைக் கடைக்காரர் ஏற்க மறுத்தார். ஆகவே ஜாடியை நடத்துநரிடம் கொண்டு சென்றேன்.

“தெய்வம் சார் நீ!” என்றவர், பேருந்து புறப்படுமுன் எண்ணி முடித்து நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அளித்தார்.

பேருந்து நகர்ந்தது. பயணச்சீட்டுக்கு அவற்றுள் ஒன்றை நீட்டினேன்.

“இன்னா சார், காலங்காத்தால ஐந்நூறு ரூபா நீட்டுறே? சில்லறை இல்லியா?”

காலி ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

“அப்போ அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோ.”

மீசை சிறிதும் அசையவில்லை. பின்னர்த் தம் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் பணப்பையில் போட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

அவர் கேட்டது வேடிக்கைக்கா, பழக்கத்தாலா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது ஜாடியில் அவருக்காகவே சில்லறை சேர்த்துவருகிறேன்.