பதில் சொன்னால்தான் நகரும் வீடியோ

கல்லூரி வாத்தியார் வேலையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: நாம் நடத்திய பாடம் யாருக்கும் புரியவில்லை என்ற செய்தி, பரீட்சை முடிவு வரும்வரை நமக்கு வந்து சேராது. சாக்பீஸ் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, அந்தச் சௌகரியத்தை நானே என் கையால் கெடுத்துக்கொண்ட கதை இது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். என் மாணவி நஸ்ரினுக்கு ஊர் அதிராம்பட்டினம். மூன்று வருடப் படிப்பை முடித்துவிட்டாள், தாவரச் செயலியல் என்கிற என்னுடைய பேப்பரைத் தவிர. அதில் மட்டும் மூன்று முறை கோட் அடித்திருக்கிறாள். இதற்குள் கல்யாணமாகிக் கைக்குழந்தையும் வந்துவிட்டது, கணவர் துபாயில். வரப்போகிற பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் பட்டம் கிடையாது, அவள் ஆசைப்படும் பி.எட்.டும் கிடையாது.

வகுப்பில் வந்து உட்கார அவளால் முடியாது என்பதால் பாடத்தை வீடியோவாக எடுத்தேன். எடுத்ததுதான் எடுத்தோம் என்று வகுப்புக்கும் கொடுத்தேன். சும்மா ஓடுகிற வீடியோ இல்லை. நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். சரியான பதிலைத் தொட்டால் மேலே போகும். தப்பென்றால் பாடத்தைத் திரும்பக் காட்டும். யார் பார்த்தார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள், எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்று மறுநாள் காலை என் கம்ப்யூட்டருக்கு ஜாதகமே வந்துவிடும்.

நாலாவது நிமிடம்

முதல் வீடியோ இலைத்துளைகளைப் பற்றியது. ஜாதகத்தைப் பார்த்தால், பார்த்தவர்கள் அத்தனை பேரும் நாலாவது நிமிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தார்கள். இலைத்துளை எப்படித் திறந்து மூடுகிறது என்று நான் விளக்குகிற இடம். அவ்வளவு கஷ்டமா என்று எனக்கு ஒரே கவலை. மறுநாள் ஒரு மணி நேரம் முழுக்கப் படம் போட்டு அதையே நடத்தினேன். பிள்ளைகள் அவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கும் எல்லோரும் அதே நாலாவது நிமிடத்துக்குப் போயிருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அதுல என்னதான் புரியல?" என்று கத்தினேன். முதல் பெஞ்சு மாணவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "எல்லாம் புரியுது மேடம், அந்த இடத்துலதான் உங்களுக்குப் பின்னாடி நம்ம ஹெச்.ஓ.டி. சார் மைக்ராஸ்கோப் பீரோவத் திறந்து டிபன் பாக்ஸ எடுக்கறாரு."

ஒரு போன், நாலு பேர்

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாலு பெண்கள் வருகிறார்கள். அதில் ரம்யா பெயர் மட்டும்தான் ஜாதகத்தில் வரும். மற்ற மூன்று பேரும் ஒரு வீடியோவைக்கூடத் திறக்கவில்லை. அசைன்மென்ட் மார்க்கில் மூன்று பேருக்கும் முட்டை போட்டுவிட்டு, 'அங்கே ஒருத்தி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறாள், உங்களுக்கு என்ன கேடு?' என்று வகுப்பில் வைத்தே காய்ச்சி எடுத்தேன்.

ரம்யா எழுந்து விஷயத்தைச் சொன்னாள். சம்பா நடவு நேரம்; லீவு நாளில் நாலு பேரும் வயலுக்குப் போகிறார்கள். நெட் இருப்பது ரம்யா போனில் மட்டும். சாப்பாட்டு நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து நாலு பேரும் சேர்ந்தே பார்க்கிறார்கள். நம்பாமல் மூன்று பேரையும் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்டேன். வகுப்பிலேயே அவர்களைப் போல யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வகுப்பில் வைத்துத் திட்டியதால் வகுப்பில் வைத்தே மன்னிப்புக் கேட்டு, மார்க்கையும் போட்டேன். எப்படிப் படித்தீர்கள் என்றதற்கு ரம்யா சொன்னாள்: "வரிசைக்குக் கயிறு புடிச்சு நடறப்ப எல்லாரும் நட்டு முடிக்காம கயித்த நகத்த மாட்டோம்ல, அதுமாதிரிதான் மேடம், நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் பட்டனத் தொடுவோம்."

உப்புக் கேள்வி

நஸ்ரினோ தனியாள். சவ்வூடு பரவல் பாடத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் ஈரம் இருந்தும் பயிர் ஏன் வாடுகிறது? ஏழெட்டு முறை தப்பாகத் தொட்டிருந்தாள். பிறகு நாலு நாள் வீடியோவையே திறக்கவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பயந்துபோய் போன் செய்தேன். எடுத்தது அவளுடைய உம்மா.

"புள்ள அழுதுட்டு போன தூக்கி வச்சிட்டா டீச்சர். எனக்கு இது ஏறாதும்மாங்குறா." பின்னணியில் குழந்தை அழுதது. உம்மா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தொடர்ந்தார். "அந்தக் கேள்வி என் காதுலயும் விழுந்துச்சு. கருவாட்டுக்கு உப்பு போட்டா மீனுல இருக்குற தண்ணிய அது இழுத்துடும்ல? வேருக்கும் அதானே? இதுக்கு எதுக்கு நாலு பதில் குடுத்துப் புள்ளையக் கொழப்புறீங்க?"

அந்த நாலு பதில்களைத் திறந்து பார்த்தேன். நாலும் புத்தகத் தமிழ். சரியான பதிலை எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. மாட்டிக்கொண்டது நஸ்ரின் இல்லை, நான்தான். உம்மாவிடம் கெஞ்சி, முகம் வராமல் குரலை மட்டும் பதிவு செய்து வாங்கி, அந்த இடத்தில் சேர்த்தேன். நஸ்ரின் அன்றைக்கே அதைத் தாண்டிவிட்டாள். வகுப்பிலும் அங்கே யாரும் நிற்கவில்லை. ரம்யாதான் கேட்டாள்: "அடுத்த யூனிட்டையும் அந்த உம்மாவையே நடத்தச் சொல்லுங்களேன் மேடம்!"

பாக்கி இரண்டு

பரீட்சையன்று உம்மாவும் பேரக் குழந்தையும் எங்கள் துறை வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரின் வெளியே வந்து, உப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்றாள். "ஆனா மத்ததெல்லாம் எழுதிட்டேன் மேடம்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று உம்மாதான் போன் செய்தார். பாஸ் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, இனிமேல் அந்த வீடியோக்கள் நஸ்ரினுக்குத் தேவைப்படாது, எடுத்துவிடலாம் என்று ஏதோ உளறினேன். உம்மா பதறிவிட்டார். "எடுத்துடாதீங்க டீச்சர், எனக்கு இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்கு!"

இருபது வருடம் மூச்சுவிடாமல் பேசியும் கற்றுத்தர முடியாததை, நடுநடுவே வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து இதை நிர்வாகத்தின் காதில் போட்டுவிடாதீர்கள், சம்பளம் தருவதே பேசுவதற்குத்தான்.