பெங்களூர் மருந்தும் ஜூஜுவாடிச் சோதனையும்

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் ஏறினோம். தூரம் ஐம்பத்தேழு மைல். கட்டணம் ஆளுக்கு ஒரு ரூபாய் பன்னிரண்டணா. நான் புளி மண்டியில் எடை போடுகிறவன், வயது நாற்பத்திரண்டு, ஓசூரைத் தாண்டியதே இல்லை. என் மனைவி ராஜம்மா தளிப் பக்கத்துக்காரி, கன்னடம் பேசுவாள்.

போனது ஆஸ்பத்திரிக்கு. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் குழந்தை இல்லை. ராஜம்மாவுக்குக் குறை என்றால் வைகாசியில் எனக்கு இரண்டாம் கல்யாணம் என்று என் அக்கா மத்தூரில் பெண்ணே பார்த்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சானமாவுக் காட்டில் நடு ரோட்டில் யானைச் சாணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி ஒரு பீடியை முழுக்கப் பிடித்துவிட்டு, “அவங்க போயிட்டாங்க” என்று மரியாதையாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தமிழ் வராது. அவர் கன்னடத்தில் கேட்டதை ராஜம்மா எனக்குத் தமிழில் கேட்டாள். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார். அதை மட்டும் மொழிபெயர்க்காமல், “புரிஞ்சுதில்ல, போங்க” என்றாள்.

இரவு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் டாக்டர் நீளமாகப் பேசினார். ராஜம்மா சுருக்கமாகச் சொன்னாள்: “எனக்கு ஒண்ணும் இல்லையாம். உங்க வித்துல உயிர் கம்மியாம். ஆறு மாசம் மருந்து குடிச்சுப் பாக்கலாங்கறாரு.”

வெளியே காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

“எனக்குத்தான் கொறைன்னு சொல்லிடலாம். நீங்க மண்டியில நாலு பேர் மூஞ்சில முழிக்கணும்” என்றாள்.

“மத்தூர்ப் பொண்ணு?”

“வரட்டும். ரெண்டு வருசத்துல அவளையும் மலடின்னுவாங்க. பேச்சு வாங்க எனக்கும் ஒரு தொணையாச்சு.”

சிரித்தாள். காப்பியைக் குடிக்கவில்லை. நான் என் காப்பியைக் குடித்து முடித்தேன்.

பிற்பகல் பஸ்ஸில் எங்கள் தெரு வளையல் கடை பாய் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராஜம்மா பக்கத்தில் ஒரு சூளகிரி அம்மாள்.

“எத்தினி பசங்க?” என்றாள் அந்த அம்மாள்.

“இல்லீங்கக்கா. எனக்குக் கொறை.”

“வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடி.”

ஜூஜுவாடியில் சென்னை ராஜ்யம் தொடங்குகிறது, கூடவே மதுவிலக்கும். ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாக மோந்துகொண்டே வந்தார். எங்கள் பையிலிருந்த மருந்து பாட்டிலின் தக்கையைத் திறந்ததும் சாராய வாடை பஸ் முழுக்கப் பரவியது. அதில் ஒட்டியிருந்த சீட்டு இங்கிலீஷ். அவருக்கும் எனக்கும் ஒரே அளவு படிப்பு போலிருக்கிறது.

“யாருது?”

“என்னுதுங்க சாமி. கொழந்தை பொறக்க மருந்து” என்றாள் ராஜம்மா.

“போன வாரம் ஒருத்தன் பல்வலி மருந்துன்னான். நெசம்னா ஒரு வாய் குடி, பாக்கலாம்.”

அவள் பாட்டிலை வாங்கி வாயருகே கொண்டுபோனாள். குடித்தே விடுவாள். நான் எழுந்த வேகத்தில் தலை மேல் பலகையில் இடித்தது.

“அது எனக்குக் குடுத்த மருந்துங்க. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான். டாக்டரே சொல்லிட்டாரு.”

தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கே கேட்காத என் குரல் கடைசி சீட்டு வரை போனது. போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தக்கையை அவரே மூடினார்.

“சாராயம் கடத்துறவன் ஆயிரம் பொய் சொல்லுவான். இந்தப் பொய்ய எவனும் சொல்ல மாட்டான். உக்காருய்யா.”

ஓசூர் தாண்டியதும் சூளகிரி அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “முருங்கப்பூவைப் பால்ல போட்டுக் குடிங்க. அந்த வேப்பங்கொழுந்தும் நீங்களே குடிச்சிருங்க.” பின் சீட்டிலிருந்து ஒருவர் பூனைக்காலி வித்து என்றார். டிரைவர் திரும்பாமலே உளுந்தங்களி என்றார். ராஜம்மா ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டே, “பதினாறு வருசம் இதெல்லாம் நான் தின்னேன். இனிமே நீங்க தின்னுங்க” என்றாள்.

கிருஷ்ணகிரியில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம். பாய் எங்களைப் பார்க்காதது போல வேகமாக நடந்தார். அதே தெருவில் இருக்கும் என் அக்கா அவர் கடைக்குப் போகாத வாரமே கிடையாது.

“வெரசா வாங்க. நாம போறதுக்குள்ள பாய் சொல்லிப்புடுவாரு” என்றாள் ராஜம்மா.

பெங்களூரில் கடைகள் பெரிது, ரோடு அகலம். அங்கே ஒரு சேதி நடந்து போக நாளாகும். எங்கள் தெருவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பாயே முதலில் சொல்லட்டும் என்று நான் ஒரு கடை வாசலில் நின்று அவளுக்கு ஒரு காப்பி சொன்னேன்.

இந்தக் காப்பியை அவள் ஆற்றி ஆற்றி, பொறுமையாகக் குடித்தாள்.