சுகாதாரப் பிரசங்கியின் நீர்மோர்

அந்தக் காலத்தில் எனக்கு உத்தியோகம் சுகாதாரப் பிரசங்கம். பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளக்குப் பெட்டி வழியாக அதில் படம் விழச் செய்து, ஈயைப் பற்றியும் கெட்ட தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். என் படத்து ஈ எருமைக்கன்று அளவு இருக்கும். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். என் பேச்சைக் கேட்க வருவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோரிப்பாளையத்தில் ஒரு ஜவுளி வியாபாரியின் வீட்டு மாடியில் நானும், பஞ்சாலையில் குமாஸ்தாவாக இருந்த என் அத்தை மகனும் குடியிருந்தோம். வீட்டுக்காரரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். கீழே அவரும் அவர் தம்பியும் குடும்பத்தோடு இருந்தார்கள்.

பிறர் கைபட்ட எதையும் நம்பக்கூடாது என்பது என் கட்சி. அத்தை மகனை ஓட்டல் பக்கம் போகவிட மாட்டேன். சர்பத் கடையைக் கண்டால் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன். சமையல் முழுக்க நானே. கோடையில் தினமும் ஒரு பானை நீர்மோர் செய்வேன். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்து, தயிரை ஊற்றி, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, கையை உள்ளே விட்டுக் கலக்குவேன். கரண்டியால் கலக்கினால் உப்பு சரியாகச் சேராது என்று ஓர் எண்ணம். ஒரு செம்பு பாய் வீட்டுக்கும் போகும். சுகாதாரமான மோர் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

முதலில் அத்தை மகன் படுத்தான். நாளுக்கு நாள் ஏறுகிற காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். எனக்குத் தெரியாமல் சர்பத் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டி, காய்ச்சல்காரன் என்றும் பாராமல் அவனைக் குறுக்கு விசாரணை செய்தேன். அடுத்துப் பாயின் தம்பி படுத்தார். என் சந்தேகம் உடனே கிணற்றின் மேல் திரும்பியது. கிருமி கொல்லும் ஊதா மருந்தை அதில் நான் அள்ளிக் கொட்டியதில் கீழ்வீட்டில் சோறு ரோஜா நிறத்தில் வெந்தது. பாய் அதையே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். வீட்டுப் பெண்கள் சொன்னது மாடிவரை கேட்டது.

டாக்டர் இளைஞர். ஒரு நாள் அத்தை மகனின் நாடியைப் பிடித்தபடியே, இந்த வீட்டுச் சாப்பாட்டை யாரெல்லாம் தொடுகிறார்கள் என்று விசாரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, நான் ஒருவன்தான் என்றேன்.

"உங்களுக்கு எப்பவாச்சும் டைபாய்டு வந்திருக்கா?"

"படிக்கும்போது வந்துச்சு டாக்டர். பொழைக்க மாட்டேன்னாங்க. நல்லா ஆயிட்டேன்" என்றேன், பரீட்சையில் தேறியவனைப்போல.

அவர் ஒரு டப்பாவைக் கொடுத்து, அதில் என் மலத்தைக் கொண்டுவரச் சொன்னார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். வெளிச்ச வட்டத்துக்குள் சின்னச் சின்னக் குச்சிகள் நீந்திக்கொண்டிருந்தன. அழகாகக்கூட இருந்தன. யாருடையவை என்று கேட்டேன்.

"உங்களோடதுதான்" என்றார்.

காய்ச்சல் இறங்கிய பிறகும் சிலருடைய உடம்பை விட்டுக் கிருமி போவதில்லை என்று விளக்கினார். அது என் பித்தப்பையில் தங்கிப் பெருகுகிறது. என் உடம்பு அதற்குப் பழகிவிட்டதால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலத்தோடு வெளியேறி, கையில் ஒட்டி, மோர் வழியாகப் பழகாத உடம்புக்குள் போகும்போதுதான் ஆளைச் சாய்க்கிறது. இனி கைக்குச் சோப்புப் போட வேண்டும், அடுப்படிப் பக்கமே போகக்கூடாது என்றார். தண்ணீரை அத்தனை நேரம் கொதிக்கவைத்தவன், கையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் பலகாரக் கடை ஈக்களின் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

பாயிடம் விஷயத்தைச் சொல்லி, வீட்டைக் காலி செய்துவிடுகிறேன் என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

"எங்க போனாலும் அங்கயும் மோரு கலக்குவீங்க தம்பி. இங்கயே இருங்க. மோரு மட்டும் வேணாம்."

காய்ச்சலில் கிடந்த இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அத்தை மகன் முடியெல்லாம் உதிர்ந்து, எலும்பும் தோலுமாக எழுந்து கரண்டியைக் கையில் எடுத்தான். "மாப்ள, நீ சும்மா உக்காரு. உப்புப் பாக்குற வேலையும் ஒனக்கு வேணாம்" என்றான். அவன் வைத்த குழம்பை வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் சாப்பிட்டேன்.

பிரசங்கத்தை விடவில்லை. ஈக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக் கைக்குக் கொடுத்தேன். கூட்டம் குறைந்தது. கை கழுவுகிற படத்தைப் பார்க்க யார் வருவார்கள்?

பெருநாளுக்குக் கீழேயிருந்து பிரியாணி வந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதே என்று சீனி டப்பாவைத் தேடினேன். மாடிப்படியின் கீழிருந்து பாய் குரல் கொடுத்தார்.

"தம்பி, வெறுந்தட்டாவே குடுத்துவிடுங்க. அதுவே எங்களுக்கு அம்புட்டுச் சந்தோசம்."